வில்லைக்கு முன் ஓர் இடைவெளி

பாரிசின் லா சப்பலில் நான் வாழ்ந்த முதல் அறையில் எனக்கென இருந்தவை ஒரு மெத்தையும் அதன் தலைமாட்டில் ஒரு பெட்டியும். மெத்தை முன்பு இருந்தவர் விட்டுச் சென்றது. பெட்டி நானே செய்தது. தமிழ்க் கடையொன்றின் வாசலில் கிடந்த தேயிலைப் பெட்டியின் பலகையை அறுத்து, உள்ளே தடித்த நுரைப்பஞ்சை இறுக்கி, அதில் வட்டமாக ஆறு குழிகளை வெட்டினேன். அப்போது என்னிடம் இருந்தவை இரண்டே வில்லைகள்.

அறையில் என்னோடு ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஓர் உணவகத்தின் சமையற்காரர். அவரை எல்லோரும் அண்ணை என்றே அழைத்தோம். அவர் குழிகளை விரலால் தொட்டு எண்ணினார்.

"என்ன வாத்தியார், ரெண்டு முட்டைக்கு ஆறு குழியோ? மிச்ச நாலையும் கோழி எப்ப இடுறது?"

"இடும் அண்ணை, பொறுங்கோ."

"ஒரு அகப்பையை வைச்சுக்கொண்டு நான் இருநூறு பேருக்குச் சமைக்கிறன். ஒரு மூஞ்சையைப் படம் எடுக்க உங்களுக்கு எத்தினை கண்ணாடி வேணும்?"

ஊரில் நான் தமிழாசிரியன். அதனால்தான் அறையில் வாத்தியார். பாரிசில் அதே அண்ணையின் உணவகத்தில் கோப்பை கழுவினேன். சனி, ஞாயிறுகளில் ஒளிப்படம் எடுத்தேன். அக்காலத்தில் எங்கள் மக்கள் ஒவ்வொருவராக வேர்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குத் திருமணப் பதிவு, இன்னொருவரின் பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள், வேறொருவர் வீட்டில் பெரியவளான பெண்பிள்ளைக்குச் சாமத்தியச் சடங்கு. எடுத்த படங்களில் பாதிக்கு மேல் ஊருக்குப் போயின. இங்கே எப்படி வாழ்கிறோம் என்பதை அங்கே காட்டுவது என் கையில் இருந்தது. அதை நான் மிகவும் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

படக்கருவியின் முகப்பில் பொருத்தும் கண்ணாடிக் குழலை அறையில் எல்லோரும் லென்ஸ் என்றார்கள். பிரெஞ்சுக்காரர் ஒப்ஜெக்டிஃப் என்றார்கள். நான் மட்டும் வில்லை என்றேன். பதினொரு ஆண்டுகள் இலக்கணம் படிப்பித்த எனக்கு, நல்ல தமிழ்ச்சொல் இருக்கும்போது பிறிதொரு சொல்லை எடுப்பது ஒழுக்கக்கேடு போலத் தோன்றியது. நான் வில்லை என்று சொல்லும்போதெல்லாம் அண்ணை முகத்தைச் சுளித்து, "ஒரு நாளைக்கு எத்தினை வேளை, வாத்தியார்? சாப்பாட்டுக்கு முன்னமோ பின்னமோ?" என்பார். மாத்திரைக்கும் அப்பெயர் உண்டென்பதை அவர் எங்கோ கேட்டிருந்தார்.

ஒவ்வொரு வில்லைக்கும் ஓர் எண் உண்டு. எண் சிறிதானால் அது அகலமாகப் பார்க்கும். பெரிதானால் தொலைவில் உள்ளதை அருகே இழுக்கும். படக்கருவியோடு எனக்குக் கிடைத்தது ஐம்பது. அது அகலமாகவும் பார்க்காது, அருகிலும் இழுக்காது. நாம் நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவதையே ஏறத்தாழத் தரும். அதனால்தானோ என்னவோ, அதன்மீது எனக்கு மதிப்பு ஏற்படவே இல்லை.

இரண்டாவதாக இருபத்தெட்டை வாங்கியது தேவையால். ஒரு சடங்கு வீட்டில், கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து உண்டாக்கிய இடத்தில் இருபத்திரண்டு பேர் நின்றார்கள். நான் குளியலறைத் தொட்டிக்குள் நின்று எடுத்தும் ஐம்பதுக்குள் ஒன்பது பேரே அடங்கினார்கள். இருபத்தெட்டு எல்லோரையும் அடக்கியது; ஆனால் ஓரத்தில் நின்றவர்களை இழுத்து அகலமாக்கியது. ஒரு மாமி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி, நான் இஞ்சை வந்து ஒரு நேரம்தான் சாப்பிடுறன். ஊரிலை இதைப் பாத்தா என்ன சொல்லுவினம்?" என்று கேட்டார். அவரை மறுபடி நடுவில் நிறுத்தி எடுத்துக் கொடுத்தேன். ஓரத்தவரை ஏமாற்றாத முப்பத்தைந்து ஒன்று இருந்தால் இந்தச் சிக்கல் வராதே என்று வீடு திரும்பும்போதே எண்ணத் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு வில்லையும் தன் குறையைக் காட்டி அடுத்ததைக் கேட்டது.

இவற்றையெல்லாம் நான் ஒருத்திக்கு எழுதினேன். மணம் முடித்து எட்டு மாதங்களில் அவளை ஊரில் விட்டுப் புறப்பட்டவன் நான். அவள் பெற்றோர் வீட்டில் இருந்து, ஊராருக்குச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். புறப்படும்போது நான் அவளுக்குச் சொன்ன ஒழுங்கு இது: முதலில் வதிவிடப் பத்திரம், அதன்பின் வேலை, அதன்பின் அவள். பாரிசுக்கு வந்து ஓராண்டில் பத்திரம் கிடைத்தது. வேலையும் இருந்தது. ஆயினும் ஒழுங்கு எப்படியோ மாறிவிட்டது. குழிகள் ஆறும் நிறைய வேண்டும், அந்த வில்லைகளைக்கொண்டு சொந்தமாக ஒரு படப்பிடிப்பு நிலையம், அதன் மேல்மாடியில் ஓர் அறை, பிறகு அவள். ஆறு பேர் படுக்கும் அறைக்கு மனைவியை அழைக்க முடியாது என்பது உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் நான் வசதியாக ஒளிந்துகொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

மாதத்துக்கு இரண்டு வான்கடிதங்கள். ஒரே நீலத் தாள். மூன்றாக மடித்து, ஓரங்களில் உள்ள பசையை நனைத்து ஒட்டினால் அதுவே உறையும் ஆகிவிடும். உள்ளே வேறெதையும் வைக்கக் கூடாது; அவளுக்கான படங்கள் தனி உறையில் போகும். ஆகையால் இருக்கிற இடத்தையெல்லாம் எழுத்தால் நிரப்புவோம். முப்பத்தைந்து வந்தபோது எழுதினேன். நூற்றைந்து வந்தபோது எழுதினேன். ஒவ்வொரு முறையும், "இதனோடு ஏறத்தாழ நிறைவு" என்று முடித்தேன். ஒரு முறை அவள் பதில் எழுதினாள்: "வில்லை வந்தது, வில்லை வந்தது என்று எழுதுகிறீர்கள். நான் வரும் செய்தியை எந்தக் கடிதத்தில் எழுதுவீர்கள்? அதற்கும் ஒரு எண் இருந்தால் சொல்லுங்கள்."

அந்த வரியை அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன், அவளுடைய கூர்மையை மெச்சும் எண்ணத்தோடு. அவர் மெச்சவில்லை. "வாத்தியார், அது பகிடியில்லை" என்றார். அவ்வளவுதான். எழுந்து வேலைக்குப் போய்விட்டார்.

வில்லைகளை நான் வாங்கிய கடை பஸ்தீய் சதுக்கத்துக்கு அப்பால் இருந்தது. பழைய படக்கருவிகளை வாங்கி விற்கும் கடை. உரிமையாளர் முதியவர்; மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வில்லைகளை வெறுங்கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்ப்பார். நான் நான்காவது முறை போனபோது, அவர் கண்ணாடிப் பேழையின் மேல் முழங்கையை ஊன்றி, என் ஒப்ஜெக்டிஃப் என்னவென்று கேட்டார்.

"நூற்று முப்பத்தைந்து" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் நெற்றிக் கண்ணாடி கழன்று விழுந்தது. பிரெஞ்சில் அந்த ஒரே சொல்லுக்கு வில்லை என்றும் பொருள், குறிக்கோள் என்றும் பொருள். அவர் கேட்டது, இத்தனையையும் வாங்கி நான் என்ன செய்யப் போகிறேன் என்பது. நானும் அசடு வழியச் சிரித்தேன். தொகுதி நிறைய வேண்டும், அதுதான் குறிக்கோள் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

"நிறைத்தவரை நான் பார்த்ததே இல்லை, மிஸ்யே" என்றார் அவர். "ஒருவேளை எங்காவது இருக்கலாம். நிறைத்தவர் என் கடைக்கு வரமாட்டாரே, நான் எப்படிப் பார்ப்பது?"

நான் நூற்று முப்பத்தைந்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆறாவது குழி நிரம்பியது ஒரு மாரி காலத்தில். எண்பத்தைந்து. முகம் எடுப்பதற்கென்றே பிறந்த வில்லை அது. பின்னணி முழுவதும் கரைந்துபோக, ஒரு முகம் மட்டும் உலகில் எஞ்சி நிற்கும். அன்று மாலை ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்னும் தெருவில் மரக்கறிக் கடைக்காரர், தையற்கடைப் பெண், அண்ணை என்று கண்டவரையெல்லாம் நிறுத்தி எடுத்தேன். இரவு பெட்டியைத் திறந்து ஆறையும் பார்த்தேன். ஓர் இடமும் காலியாக இல்லை. என் வாழ்நாளில் அப்படி முழுமையாக எதையும் முடித்ததில்லை என்று எண்ணிப் பூரித்தேன்.

பூரிப்பு பன்னிரண்டு நாள் இருந்தது. பதின்மூன்றாம் நாள் ஒரு நீண்ட மண்டபத்தில் திருமணம். தாலி கட்டும் நேரம் மணமகளின் கண்ணைப் பிடிக்க நூற்று முப்பத்தைந்துக்கு எட்டவில்லை. இருநூறு இருந்திருந்தால் எட்டியிருக்கும். அடுத்த ஞாயிறு மெத்தையில் அமர்ந்து, தேநீர்க் கோப்பையை நுரைப்பஞ்சின்மேல் கவிழ்த்து, ஏழாவது வட்டத்துக்குக் கரிக்கோலால் குறியிட்டேன். ஆறு குழிகளுக்கு நடுவே எந்த இடத்தில் வைத்தாலும் வட்டம் இன்னொன்றை வெட்டியது. அந்த நேரத்தில்தான் அண்ணை, முதல்நாள் தபாலில் வந்து அவருடைய மேலங்கிக்குள் கிடந்துவிட்ட ஓர் உறையை என்முன் போட்டார். அவளிடமிருந்து வந்தது. கடிதம் சிறியது. உள்ளே கடவுச்சீட்டு அளவில் அவளுடைய படங்கள் இரண்டு. "எப்போதாவது பத்திரங்களுக்குத் தேவைப்படலாம்" என்று மட்டும் எழுதியிருந்தாள். நான் கேட்காமல் அனுப்பியவை.

மூன்றரை ஆண்டுகளுக்குப்பின் அவள் முகம். நகத்தளவில் இருந்தது. ஐம்பதைத் தலைகீழாகப் பிடித்தால் அது நல்ல உருப்பெருக்கி. அதனூடே பார்த்தேன். கன்னம் சற்று ஒட்டியிருந்தது. தலைமயிரை வேறு வகையாக வாரியிருந்தாள். பிறகு மூக்கின் இருபுறமும் இரண்டு சிறு பள்ளங்களைக் கண்டேன்.

என் தொழிலில் அந்தப் பள்ளங்களை நன்றாக அறிவேன். படத்துக்கென்று கண்ணாடியைக் கழற்றுபவர்களின் மூக்கில் அந்தத் தடம் மறையச் சற்று நேரம் ஆகும். நான் அவர்களோடு பேச்சுக்கொடுத்துக்கொண்டு, தடம் மறைந்தபின்பே எடுப்பேன். ஊர்ப் படப்பிடிப்பாளர் அப்படிப் பொறுக்கவில்லை. ஆகவே அவள் கண்ணாடி போடுகிறாள். எப்போதிருந்து? தையல் ஊசியில் நூல் கோக்க முடியாமல் எத்தனை நாள் தவித்தாள்? பட்டணத்துக் கண் வைத்தியரிடம் அவளை யார் கூட்டிப்போனது? ஒரு கடிதத்திலும் அதை அவள் எழுதியிருக்கவில்லை. என் தலைமாட்டில் ஆறு வில்லைகள். அவளுக்கு இரண்டு வேண்டியிருந்திருக்கின்றன. அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கரிக்கோற் குறியை அழிக்க முயன்றேன். நுரைப்பஞ்சில் கரி அழியாது.

அந்த வாரமே ஐந்து வில்லைகளையும் பஸ்தீய்க் கடைக்குக் கொண்டுபோனேன். படக்கருவி குருடாகாமல் இருக்க ஐம்பதை மட்டும் வைத்துக்கொண்டேன். முதியவர் ஒவ்வொன்றையும் கண்ணருகே பிடித்துப் பார்த்து வரிசையாக வைத்தார். எண்பத்தைந்தை வைக்கும்போது மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒப்ஜெக்டிஃப் மாறிவிட்டதா?" என்றார். இம்முறை எனக்கு விளங்கியது. ஆம் என்றேன். ஐந்தும் சேர்ந்து, பாரிசின் ஸ்டாலின்கிராட் பகுதியில் மெத்ரோ ரயில் மேம்பாலத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், ஒரு சிறிய வீட்டின் சாவியாக மாறின. மெத்ரோ கடக்கும்போது சன்னல் அதிர்ந்தது. ஆனாலும் ஒப்பந்தப் பத்திரத்தில் என் பெயர் இருந்தது. குடும்பத்தை அழைப்பதற்கு அலுவலகத்தில் முதலில் கேட்டது அதைத்தான்.

அன்றே எழுத உட்கார்ந்தேன். நல்ல செய்தியை நல்ல நடையில் சொல்லவேண்டும் என்ற பழைய நோய் எனக்கு உண்டு. வீட்டைப் பற்றி, சன்னலைப் பற்றி, மெத்ரோவின் நிறத்தைப் பற்றியெல்லாம் எழுதி, முதன்மையான செய்தியைக் கடைசிக்கு வைத்தேன். தாள் முடிந்துகொண்டு வந்தது. "இனியும் உம்மைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை" என்று எழுதினேன். அதன்பின் ஒரு வாக்கியம் வந்தது. அதை மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, அதன் சுருக்கத்தில் மயங்கி, அப்படியே எழுதினேன்:

உம்மை அழைக்க வில்லை விற்றேன்.

வில்லைகளை விற்றேன் என்று எழுதியிருக்கலாம். ஆனால் அஃறிணைப் பெயர் பன்மையை உணர்த்தக் 'கள்' வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; இரண்டாம் வேற்றுமையின் 'ஐ'யும் மறைந்து நிற்கலாம். இரண்டு உரிமைகளையும் பயன்படுத்தினேன். 'வில்லை விற்றேன்' என்ற மோனை காதுக்கு இனித்தது. 'வில்லை' என்ற சொல் தாளின் விளிம்பில் முடிந்தது. 'விற்றேன்' அடுத்த வரிக்குப் போயிற்று. அந்த வரியும் அதன் கீழுள்ள இரண்டு வரிகளும் பசை ஓரத்தின் மேலேயே அமைந்தன. இடம் போதாமல் எல்லோரும் அப்படி எழுதுவதுண்டு. நாவால் நனைத்து ஒட்டினேன்.

பதில் வரவில்லை.

முதல் மாதம் தபாலைக் குறை சொன்னேன். போரினால் ஊரில் பாதைகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்த காலம். இரண்டாம் மாதம் இன்னொரு கடிதம் எழுதினேன்; அது போய்ச் சேரவே இல்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். புதிய வீட்டுக்கு மெத்தையையும் பெட்டியையும் கொண்டுவந்திருந்தேன். இரண்டு கோப்பைகள், இரண்டு தட்டுகள் வாங்கினேன். ஒன்றில் உண்டேன். மற்றதையும் ஏனோ கழுவி வைத்தேன். ஆறு பேர் மூச்சுவிடும் அறையில் உறங்கிப் பழகியவனுக்கு அந்த வீடு மிகப் பெரிதாக இருந்தது.

வேலையில்லாத பிற்பகல்களில் பஸ்தீய்க்கு நடந்தேன். கடையின் கண்ணாடிப் பேழையில் என் வில்லைகள் இருந்தன. முதலில் இருபத்தெட்டு போயிற்று. அடுத்து முப்பத்தைந்து. எண்பத்தைந்து நெடுநாள் இருந்தது. அதன் விளிம்பில் நான் ஒருமுறை தவறவிட்டதால் உண்டான சிறு நசுங்கல் வெளியிலிருந்தே தெரியும். அது இருக்கும்வரை அவளிடமிருந்து பதில் வரும் என்று, எந்தத் தொடர்பும் இல்லாமல், எனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். ஒருநாள் அதுவும் இல்லை. முதியவர் உள்ளிருந்தபடி இரு கைகளையும் விரித்துக் காட்டினார்.

நான்காம் மாதம், அயலூர்க்காரர் ஒருவர் பாரிசுக்கு வந்து சேர்ந்தார். அண்ணையின் அறையில் தங்கினார். எனக்கென்று ஒரு பொதி கொண்டுவந்திருப்பதாகச் சொல்லியனுப்பினார். பழந்துணியில் சுற்றி நூலால் தைத்திருந்த பொதி. தையல் அவளுடையது, இழை ஒரே அளவாக ஓடியது. பனம்பழப் பினாட்டோ மாவோ இருக்கும் என்று அண்ணை கத்தியோடு வந்து நின்றார். உள்ளே இருந்தவை படங்கள். நான்கு ஆண்டுகளில் நான் அவளுக்கு அனுப்பியவை அத்தனையும், அனுப்பிய வரிசையிலேயே. மேலே என் கடைசி வான்கடிதம். அதனோடு ஒரு துண்டு.

"நீங்கள் எழுதியதைக் குறையாக எடுக்கவில்லை. உரிமை இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். படங்கள் இங்கே இருந்தால் பார்க்கத் தோன்றும். அதனால் அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வான்கடிதத்தைப் பிரித்தேன். அவள் எப்போதும் சவர அலகால் ஓரத்தை நுட்பமாக அறுத்துத் திறப்பாள். இதைக் கையால் கிழித்திருந்தாள்; ஐந்து வாரம் கடிதமின்றி இருந்த அவசரம் என்று பின்னர் சொன்னாள். பசை ஓரம் முழுவதும் பிய்ந்து போயிருந்தது. என் கையெழுத்தின் கடைசி வரி விளிம்பில் நின்றது. அண்ணை என் தோளுக்கு மேலால் அதை உரக்க வாசித்தார்.

"காத்திருக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உம்மை அழைக்கவில்லை." அவர் என்னைப் பார்த்தார். "என்ன வாத்தியார் இது?"

"அது அழைக்கவில்லை இல்லை, அண்ணை. அழைக்க, வில்லை. இஞ்சை பாருங்கோ, நடுவிலை இடைவெளி விட்டிருக்கிறன். எதிர்மறை எண்டால் சேர்த்தெல்லோ எழுதுவன்?"

அவர் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இந்த இடைவெளிக்குள்ளாலை ஒரு எறும்பு போகுமோ?" என்றார். "ஆருக்கு வாத்தியார் இது தெரியும்? உங்களைத் தவிர ஆருக்கு?"

எங்கள் பேச்சில் இந்தப் பிழை நேரவே முடியாது. வாய்மொழியில் நாங்கள் 'அழைக்கேல்லை' என்போம். எழுத்துத் தமிழில் மட்டுமே எத்தனையோ எதிர்மறை வினைகளின் வாலில் ஒரு வில்லை தொங்குகிறது: வரவில்லை, முடியவில்லை, கிடைக்கவில்லை. எத்தனை ஆண்டுகள் அதை எழுதியிருக்கிறேன், கரும்பலகையில் பிரித்துக் காட்டியிருக்கிறேன். ஒருமுறையும் அது என் கண்ணில் பட்டதில்லை.

அவளுடைய ஊர்ச் சந்தியில் ஒரு கடையில் தொலைபேசி இருந்தது. இணைப்பு இருக்கும் நாள்களில் முதல்நாள் அழைத்துச் சொன்னால், மறுநாள் குறித்த நேரத்துக்கு ஆளைக் கூப்பிட்டு வைப்பார்கள். மூன்று நாள் முயன்று கடைக்காரரைப் பிடித்தேன். மறுநாள் அஞ்சலகத்தில், கண்ணாடிக் கதவுள்ள மூன்றாம் கூண்டில், அண்ணை வெளியே காவல் நிற்க, தொலைபேசி வாங்கியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஹலோ."

நான்கு ஆண்டுகள். அந்த ஒரு சொல்லுக்குப்பின் எனக்கு என் இலக்கணம் முழுவதும் மறந்துவிட்டது.

"நான்தான்."

"தெரியுது."

"நான் எழுதினது அப்பிடியில்லை."

"எழுதினதைத்தானே வாசிச்சனான்."

"இல்லை, நீர் பிழையாய் விளங்கிப்போட்டீர். நான் சொன்னது, உம்மை அழைக்க வில்லை..."

இரைச்சல் மிச்சத்தை விழுங்கியது. என் குரலே திரும்பி வந்து என் காதில் விழுந்தது: அழைக்க வில்லை.

"ஓம், அதைத்தான் எழுதியிருந்தீங்கள். அதை இவ்வளவு தூரம் போன் எடுத்து வேறை சொல்லோணுமோ?"

"லென்ஸ்!" என்று கத்தினேன். அஞ்சலகம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. "லென்ஸ்! லென்ஸ்! லென்ஸ் எல்லாத்தையும் வித்துப்போட்டன்! வீடு எடுத்திட்டன்! வாரும்!"

அண்ணை கண்ணாடிக் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்துச் சிரிப்பதைக் கண்டேன். பதினைந்து ஆண்டுகளாக வாயில் வைக்காத சொல்லை ஒரு மூச்சில் நான்கு தரம் சொல்லியிருந்தேன்.

"அந்த மூஞ்சை எடுக்கிறதையுமோ?" என்று கேட்டாள்.

"அதையும்."

"அப்ப என்னை எதாலை எடுப்பீங்கள்?"

"ஒண்டு மிச்சம் கிடக்கு."

"லென்ஸ் எண்டு எழுதினா உங்கடை தமிழ் தேய்ஞ்சு போயிடுமோ?" அவள் குரல் உடைந்தது. பின்னால் கடைக்காரர், "தங்கச்சி, அழுறதெண்டால் தள்ளி நிண்டு அழு, போன் நனையுது" என்று சொல்வது கேட்டது. அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"கண்ணாடி எப்ப போட்டனீர்?" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"உம்மடை மூக்கு."

இணைப்பு அறுந்தது.

பத்திரங்கள் முடிய இன்னும் ஏழு மாதங்கள் சென்றன. அதற்குள் நான் எழுதிய கடிதங்களில், வில்லை என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் உருபை முழுதாக எழுதினேன். இன்றும் அப்படித்தான் எழுதுகிறேன்.

அவள் வந்த நாளில் விமான நிலையத்தின் தடுப்புக் கம்பிக்கு வெகு பின்னால்தான் எனக்கு இடம் கிடைத்தது. முன்னால் பெருங்கூட்டம். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. ஒருமுறை திறந்தபோது அவள் நின்றாள். தோளில் ஒரு பை. கையில் ஏதோ சிறு உறை. படக்கருவியைக் கண்ணுக்கு உயர்த்தினேன். சட்டகத்தின் நடுவில் அவள் அரிசிமணி அளவில் இருந்தாள். என் வலக்கை தானாகவே தோட்பைக்குள் சென்று நூற்று முப்பத்தைந்தைத் தேடியது. பையில் படச்சுருளும் ஒரு சோடிக் கம்பளிக் கையுறையும் இருந்தன.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என்னைப் போலவே கறுப்பு மேலங்கி அணிந்த யாரோ ஒருவரைப் பார்த்துப் பாதி புன்னகைத்து, அவர் நானல்ல என்று கண்டு, புன்னகையை எடுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள். அந்தக் கணத்தில் அழுத்தினேன். படம் என்னிடம் இருக்கிறது. எவ்வளவு பெருப்பித்தாலும் முகம் மணல்மணலாகச் சிதறிவிடும். அந்தப் புன்னகை யாருக்கென்று வந்ததோ அவனை அவள் தேடிக்கொண்டிருந்தாள். அவனோ, அவளை அருகே இழுக்க ஒரு வழியும் இல்லாமல் அதே கூரையின் கீழ் நின்றான். அதன்பின் எத்தனையோ வில்லைகளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அவை ஒவ்வொன்றிலும் நான் முதலில் அளந்து பார்ப்பது அந்தத் தொலைவைத்தான்.

படக்கருவியை மார்பில் தொங்கவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தேன். நான்கடி தொலைவுக்கு வரும்வரை அவளுக்கு நான் யாரென்று தெரியவில்லை. கையிலிருந்த சிறு உறை என்னவென்று அப்போது கண்டேன்.

"உம்மடை கண்ணாடியைப் போடாமல் ஏன் கையிலை வைச்சிருக்கிறீர்?" என்றேன்.

அவள் என் மார்பில் தொங்கிய படக்கருவியையும் வெறுமையாகத் துவண்ட தோட்பையையும் பார்த்தாள்.

"உங்கடை எங்கை?" என்றாள்.